விடாமல் நிற்கும் இணைப்புகள்: லோட் பேலன்ஸருக்குப் பின்னால் இரண்டு ஸ்குவிட்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வளாகத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று ஹாஸ்டல், நான்கு கம்ப்யூட்டர் லேப், ஒரு நூலகம். வெளியே போகிற இணையப் போக்குவரத்து முழுவதும் இரண்டு ஸ்குவிட் ப்ராக்ஸி (பயனர் சார்பில் வெளித் தளங்களை நாடும் இடைநிலை சர்வர்) வழியாகப் போகிறது. அவற்றுக்கு முன்னால், வருகிற இணைப்புகளை இரண்டுக்கும் பங்கிடும் லோட் பேலன்ஸராக ஒரு ஹெச்ஏப்ராக்ஸி. இரண்டும் திணறுகின்றன என்று மூன்றாவதாக ஒரு சர்வர் வாங்கி, ஸ்குவிட் ஏற்றி, ஹெச்ஏப்ராக்ஸி கான்ஃபிகில் ஒரு வரி சேர்த்து ரீலோட் கொடுக்கிறார்கள். அரைமணி நேரம் கழிந்தும் பழைய இரண்டும் அதே திணறலில் இருக்கின்றன. புதியது ஏறக்குறைய சும்மா கிடக்கிறது.

காசு வீண் என்று இந்த இடத்தில் முடிவு கட்டிவிடுகிறார்கள். வீண் இல்லை. லோட் பேலன்ஸர் பங்கிடுவது புதிதாக வந்து சேரும் இணைப்புகளை மட்டும்தான். ஏற்கெனவே பிடித்த இணைப்பு, முடிகிற வரை பிடித்த ப்ராக்ஸியிலேயே கிடக்கும். தாமிரபரணியின் அரியநாயகிபுரம் அணைக்கட்டில் கோடகன் கால்வாய்க்குள் இறங்கிவிட்ட தண்ணீர், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய் மடையைத் திறந்ததும் அங்கே ஓடிவிடாது, அதே கதைதான். ஓர் இணைப்பு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கலாம், அதை யார் முதலில் மூட வேண்டும், செத்த இணைப்பை யார் கண்டுபிடித்து அகற்ற வேண்டும்: இந்த மூன்றையும் முடிவு செய்யாமல் சர்வர் மேல் சர்வர் அடுக்கிப் பயனில்லை.

அந்த ரீலோடிலேயே இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ரீலோட் கொடுத்ததும் ஹெச்ஏப்ராக்ஸி ஒரு புது பிராசஸைத் தொடங்கும். பழைய பிராசஸ் தன் கையிலுள்ள இணைப்புகள் தீரும் வரை பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். இருப்பதிலேயே குறைந்த இணைப்புள்ள சர்வருக்கு அனுப்பும் லீஸ்ட்கான் முறையில் பங்கிடச் சொல்லியிருந்தால், புது பிராசஸ் தன் கணக்கை மூன்று சர்வருக்கும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது. பழைய இரண்டின் தலையில் ஏற்கெனவே பல ஆயிரம் இணைப்பு இருப்பது அதற்குத் தெரியாது. அதனால் புதிதாக வருபவற்றையும் மூன்றாகச் சமமாகப் பிரித்து, நிரம்பியதன் மேலேயே இன்னும் ஏற்றும். ரீலோட் செய்யாமல், அட்மின் சாக்கெட் (ஓடும் ஹெச்ஏப்ராக்ஸிக்கு நேரடியாகக் கட்டளையிடும் வழி) மூலம் ஓடுகிற பிராசஸிலேயே புது சர்வரைச் சேர்த்தால் இந்தக் கோளாறு வராது. ரீலோட் செய்துதான் ஆக வேண்டும் என்றால் 'ஹார்ட் ஸ்டாப் ஆஃப்டர்' என்ற செட்டிங்கில் ஒரு மணி நேரம் என்பதுபோல் ஓர் எல்லை வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நாலைந்து ரீலோடுக்குப் பிறகு நாலைந்து பழைய பிராசஸ்கள் மெமரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

முதலில் எண்ணிக்கை

ஹெச்டிடிபி 1.1 வந்தது 1997 ஜனவரியில். அதிலிருந்து இணைப்பைத் திறந்தே வைத்திருப்பதுதான் வழக்கம்; வேண்டாதவர்தான் 'கனெக்‌ஷன்: க்ளோஸ்' என்று சொல்ல வேண்டும். நேரடியாக ஒரு தளத்துக்குப் போகும்போது குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் ஹெச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்கு 6 இணைப்பு வரை பிடிக்கும். ப்ராக்ஸி வழியாகப் போனால், ஒரு ப்ராக்ஸிக்கு மொத்தமாக 32 என்பது இரண்டிலும் முன்னிருப்பு. மொபைல் ஆப்கள் தங்கள் விருப்பத்துக்குப் பிடிக்கும்.

வளாகத்தில் 1,500 சாதனங்கள், ஒவ்வொன்றும் சராசரியாக 20 இணைப்பு என்று வையுங்கள். 30,000 வருகிறது. இப்போது பெரும்பகுதி ஹெச்டிடிபிஎஸ். அது கனெக்ட் டனலாக, அதாவது ப்ராக்ஸி உள்ளே பார்க்காமல் அப்படியே கடத்தும் குழாயாக வருகிறது. ஒவ்வொரு டனலுக்கும் கிளையன்ட் (பயனரின் சாதனம்) பக்கம் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த இணைப்புக்கு லினக்ஸ் ஒதுக்கும் எண்), வெளி சர்வர் பக்கம் ஒன்று. ஆக 60,000. இரண்டு ஸ்குவிட் என்றால் ஆளுக்கு 30,000. ஆனால் ஒன்று விழுந்தால் மற்றது 60,000-ஐயும் தாங்க வேண்டும், கணக்குப் போட வேண்டியது அந்த எண்ணுக்கு. ஸ்குவிடில் ஃபைல் டிஸ்கிரிப்டர் உச்சத்தை 65,536-க்கு ஏற்றுவதோடு, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் யூனிட் ஃபைலில் உள்ள ஓப்பன் ஃபைல் எல்லையையும் அதே அளவுக்கு ஏற்றுங்கள். பின்னதை மறந்துவிட்டு 'ஸ்குவிடில் மாற்றியும் கேட்கமாட்டேன் என்கிறது' என்று அலைவது அடிக்கடி நடக்கிறது. ஸ்குவிட் தன் நிலையைக் காட்டும் மேனேஜர் பக்கத்தின் 'இன்ஃபோ' அறிக்கையில் ஸ்குவிடுக்கு உண்மையில் கிடைத்த எண் இருக்கும். கான்ஃபிகில் எழுதியதை நம்பாமல் அதைப் பாருங்கள்.

பலரும் கவனிக்காத இன்னோர் எல்லை, போர்ட் எண்கள். ஹெச்ஏப்ராக்ஸி ஒவ்வொரு கிளையன்ட் இணைப்புக்கும் ஸ்குவிடை நோக்கி ஒரு புது இணைப்பைத் தன் சொந்த ஐபியிலிருந்து திறக்கிறது. லினக்ஸ் இதற்குத் தரும் போர்ட்கள் முன்னிருப்பாக 32,768 முதல் 60,999 வரை, மொத்தம் 28,232. ஒரே ஐபியிலிருந்து ஒரே ஸ்குவிடின் ஒரே போர்ட்டுக்கு அதற்கு மேல் ஓர் இணைப்பும் திறக்க முடியாது. இரண்டு ஸ்குவிடும் உயிரோடு இருக்கும்போது ஆளுக்கு 15,000, பிரச்சினை தெரியாது. ஒன்று விழுந்த நாளில் 30,000-மும் ஒன்றின் மேல் வரும். 28,232-ஐத் தாண்டியதும் ஹெச்ஏப்ராக்ஸியால் இணைப்பு திறக்க முடியாது. ஸ்குவிட் நன்றாகத்தான் இருக்கும், சிபியு காலியாக இருக்கும், ஆனால் பலருக்குப் பக்கம் திறக்காது. தீர்வு எளிது: போர்ட் வரம்பை 10,000 முதல் 65,000 வரை அகலப்படுத்துங்கள், அல்லது ஒவ்வொரு ஸ்குவிடும் வழக்கமான 3128 போர்ட்டுடன் 3129-இலும் கேட்கும்படி வைத்து அதை ஹெச்ஏப்ராக்ஸியில் தனி சர்வர் வரியாகச் சேருங்கள். இரண்டையும் செய்துவிடுவது நல்லது.

யார் முதலில் மூடுவது

சும்மா கிடக்கும் இணைப்பை எப்போதும் கிளையன்ட் பக்கம்தான் முதலில் மூட வேண்டும். கிளையன்டிலிருந்து வெளியே போகப் போக, ஒவ்வொரு கட்டத்திலும் டைம்அவுட் கொஞ்சம் கூடிக்கொண்டே போக வேண்டும். தலைகீழாக இருந்தால், ஸ்குவிட் மூடுகிற அதே கணத்தில் பிரவுசர் அந்த இணைப்பில் ஒரு கோரிக்கையை அனுப்பிவிடும். பதிலாக, இணைப்பு முறிந்தது என்று சொல்லும் ரீசெட் வரும். பக்கத்தைக் கேட்கும் கெட் (GET) கோரிக்கை என்றால் பிரவுசர் சத்தமில்லாமல் மறுபடி அனுப்பிக்கொள்ளும். தகவலை அனுப்பும் போஸ்ட் (POST) என்றால், தேர்வுக் கட்டணம் கட்டுகிற மாணவிக்குத் திரையில் பிழை வரும், பணம் போயிற்றா இல்லையா என்று தெரியாமல் நிற்பாள்.

எண்களைப் பார்ப்போம். சும்மா கிடக்கும் இணைப்பை ஃபயர்ஃபாக்ஸ் 115 விநாடி வைத்திருக்கும். குரோம் ஒருமுறை பயன்படுத்திய இணைப்பை 300 விநாடி. ஸ்குவிடின் 'கிளையன்ட் ஐடில் பிகான் டைம்அவுட்' (பிகான் என்பது திறந்தே வைத்திருக்கும் இணைப்பு) முன்னிருப்பாக 2 நிமிடம், அதாவது 120 விநாடி. ஃபயர்ஃபாக்ஸுக்கு 5 விநாடி இடைவெளியில் தப்பிக்கிறது. குரோமுக்கு எண்கள் தலைகீழ். இதை 320 விநாடிக்கு ஏற்றிவிடலாம். ஃபைல் டிஸ்கிரிப்டர் நிரம்பிவிடாதா என்று பயப்பட வேண்டாம். இந்த டைமர் சாதாரண ஹெச்டிடிபி இணைப்பில் இரண்டு கோரிக்கைகளுக்கு இடையில் மட்டுமே ஓடும். கனெக்ட் டனல்களைத் தொடாது. சாதா ஹெச்டிடிபி இன்று குறைவு.

டனல்களை ஆள்வது வேறு இரண்டு டைமர்கள்: ரீட் டைம்அவுட், முன்னிருப்பு 15 நிமிடம், கிளையன்ட் லைஃப்டைம், முன்னிருப்பு ஒரு நாள். வாட்ஸ்அப் வெப் மாதிரி அவ்வப்போது ஒரு துளி டேட்டா போய்க்கொண்டே இருக்கும் டனலை ரீட் டைம்அவுட் பிடிக்காது. அது காலையில் பிடித்து மாலை வரை அதே ப்ராக்ஸியில் கிடக்கும்.

ஹெச்ஏப்ராக்ஸியை இந்த வேலைக்கு டிசிபி முறையிலேயே, அதாவது உள்ளடக்கத்தைப் பார்க்காமல் இணைப்பை அப்படியே கடத்தும் முறையில், வைத்துக்கொள்ளுங்கள். ஹெச்டிடிபி முறையில் வைத்து இணைப்புகளை மறுபயன்பாடு செய்யவிட்டால், இணைப்போடு ஒட்டிய லாகின் முறைகளில் ஒருவரின் அங்கீகாரத்தில் இன்னொருவரின் கோரிக்கை போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் கவலை கூடுதலாகச் சேரும். டிசிபி முறையில் ஒன்றுக்கு ஒன்று. அங்கே 'டைம்அவுட் டனல்' என்பதை ஒரு மணி நேரம் வையுங்கள். அதை எழுதாமல் விட்டால் கிளையன்ட், சர்வர் டைம்அவுட்கள் பொருந்தும். உதாரணக் கான்ஃபிகிலிருந்து எடுத்த 50 விநாடி அப்படியே கிடந்தால், ஒரு நிமிடம் பேச்சில்லாத எல்லா டனலையும் ஹெச்ஏப்ராக்ஸி நடுவிலிருந்து வெட்டும். நடுவில் இருப்பவர் முதலில் மூடவே கூடாது.

ஸ்குவிடிலிருந்து வெளியே போகும் பக்கம் அவ்வளவு கவலை வேண்டாம். அப்பாச்சி 5 விநாடியிலேயே மூடிவிடும், இன்ஜின்எக்ஸ் 75 விநாடி வைத்திருக்கும்; ஸ்குவிட் தன் பக்கம் ஒரு நிமிடம் வைத்திருக்கும். மோதல் நடக்கத்தான் செய்யும், ஆனால் மறுபடி அனுப்ப முடியாத போஸ்ட் போன்ற கோரிக்கைகளுக்கு ஸ்குவிட் பழைய இணைப்பை நம்பாமல் புதிதாக ஒன்றைத் திறந்துகொள்கிறது. அந்த முன்னிருப்பை மாற்ற ஒரு செட்டிங் இருக்கிறது, மாற்றாதீர்கள்.

கரண்ட் போனால்

நம் பக்கத்தில் இணைப்பு மேலாண்மைக்கு உண்மையான சோதனை கரண்ட் கட்தான். சர்வர் அறைக்கு யுபிஎஸ் உண்டு. ஹாஸ்டல் மாடியிலிருக்கும் ஸ்விட்சுக்கும் வைஃபை பெட்டிக்கும் பல இடங்களில் கிடையாது. கரண்ட் போன நொடியில் 30,000 இணைப்பின் மறுமுனை மறைகிறது. ஒன்றுகூட முறையாக விடைபெறுவதில்லை. ஹெச்ஏப்ராக்ஸியும் ஸ்குவிடும் யுபிஎஸ்ஸில் உயிரோடு இருப்பதால் எல்லாம் திறந்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் கரண்ட் வருகிறது. எல்லாச் சாதனமும் புது இணைப்பு திறக்கிறது. பழைய 30,000, புதிய 30,000. மேலே போட்ட ஃபைல் டிஸ்கிரிப்டர் கணக்கும் போர்ட் கணக்கும் இரண்டு மடங்காகி உடைகின்றன. "அண்ணாச்சி, கரண்டு வந்துட்டு, நெட்டு மட்டும் வரல" என்று வார்டன் போன் செய்வது இந்த நேரத்தில்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடுவதால் யாரும் காரணம் தேடுவதுமில்லை.

செத்த இணைப்பைக் கண்டுபிடிக்க, சும்மா கிடக்கும் இணைப்பில் மறுமுனை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் டிசிபி கீப்அலைவ் இருக்கிறது. லினக்ஸில் அதன் முன்னிருப்பு 7,200 விநாடி. அதாவது இரண்டு மணி நேரம் சும்மா இருந்த பிறகே முதல் சோதனை, அதன் பிறகு 75 விநாடி இடைவெளியில் 9 முறை. நமக்கு உதவாது. 60 விநாடி சும்மா இருந்தால் சோதனை, 15 விநாடி இடைவெளி, 4 முறை என்று வைத்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்கே வைப்பது என்பதில்தான் தவறுகிறார்கள். ஸ்குவிடின் போர்ட் வரியிலேயே கீப்அலைவ் கொடுக்க இடம் இருப்பதால் அங்கே எழுதிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் ஸ்குவிடுக்கு எதிர்முனை இப்போது ஹெச்ஏப்ராக்ஸி. அது உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லும். செத்தது அதற்கும் அப்பால். ஆகவே ஹெச்ஏப்ராக்ஸியின் கிளையன்ட் பக்கத்தில் வைக்க வேண்டும். ஹெச்ஏப்ராக்ஸிக்குப் பதிலாக லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே உள்ள லோட் பேலன்ஸரான ஐபிவிஎஸ்ஸை நேரடி ரூட்டிங் முறையில் வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ்: அங்கே டிசிபி இணைப்பு கிளையன்டுக்கும் ஸ்குவிடுக்கும் இடையில் நேராக இருப்பதால் ஸ்குவிடின் போர்ட் வரிதான் சரியான இடம்.

இதிலும் ஓர் ஓட்டை மிச்சம். டவுன்லோட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், அனுப்பிய டேட்டாவுக்கு ஒப்புதல் வராமல் நிற்கும். அந்த நிலையில் கீப்அலைவ் வேலை செய்யாது. கர்னல் அதே டேட்டாவைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். முன்னிருப்பான 15 மறுமுயற்சியும் தீர்ந்து கைவிட 15 நிமிடத்துக்கு மேல் ஆகும். இதற்கு மருந்து, ஒப்புதல் வராமல் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று எல்லை வைக்கும் டிசிபி யூசர் டைம்அவுட். ஹெச்ஏப்ராக்ஸி எந்த போர்ட்டில் கேட்க வேண்டும் என்று சொல்லும் பைண்ட் வரியில் ஒரு சொல்லாகச் சேர்க்கலாம். 90 விநாடி போதும். 20, 30 என்று இறுக்கிவிடாதீர்கள். ஹாஸ்டல் படிக்கட்டில் சிக்னல் விட்டு மறுபடி பிடிக்கும் போன்களின் இணைப்பு எல்லாம் வெட்டுப்படும். ஹெச்ஏப்ராக்ஸி லாகில் முடிவுக் குறி சி, டி என்ற இரண்டு எழுத்தாக, முதலாவது சிறிய எழுத்தாகவும் இரண்டாவது பெரிய எழுத்தாகவும் வந்தால், டேட்டா கட்டத்தில் கிளையன்ட் பக்கம் டைம்அவுட் ஆனது என்று பொருள். கரண்ட் போன நேரத்தை ஒட்டி இந்தக் குறி கும்பலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கரண்ட் திரும்பிய கணத்தில் லாகினும் ஒரு முட்டுக்கட்டை. எல்டாப் (பயனர் விவரங்களை வைத்திருக்கும் சர்வர்) வழியாகப் பெயர், கடவுச்சொல் சரிபார்க்கும் ஹெல்ப்பர்கள் குறைவாக இருந்தால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பார்கள். சரிபார்த்ததை ஸ்குவிட் முன்னிருப்பாக 2 மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். அதைக் குறைக்க வேண்டாம். ஸ்குவிடை ரீஸ்டார்ட் செய்தால் அந்த நினைவு போய்விடும். கூட்டமான நேரத்தில் ரீஸ்டார்ட் செய்து பார்ப்போமே என்பது இதனாலேயே நிலைமையை மோசமாக்குகிறது.

ஒருவருக்கு ஒரே ப்ராக்ஸி வேண்டுமா

வங்கித் தளங்கள் சில, லாகின் செய்த ஐபி நடுவில் மாறினால் வெளியேற்றிவிடும் என்பதற்காக, கிளையன்ட் ஐபியை வைத்து ஒரே ப்ராக்ஸிக்கு அனுப்புகிறார்கள். ஹாஸ்டலின் வைஃபை கன்ட்ரோலர் நாட் (பல சாதனங்களை ஒரே ஐபியாக மாற்றி அனுப்புவது) செய்துகொண்டிருந்தால் ஒரு ஹாஸ்டல் முழுவதும் ஒரே ஐபியாக வந்து ஒரே ஸ்குவிடின் தலையில் விழும். அதைவிட, எல்லா ஸ்குவிடும் ஒரே பொது ஐபி வழியாக வெளியேறும்படி ரூட்டரில் வைத்துவிட்டால் தளத்துக்கு வித்தியாசமே தெரியாது. லீஸ்ட்கான் முறையில் சுதந்திரமாகப் பங்கிடலாம். என் பரிந்துரை இதுதான்.

கிளையன்டின் உண்மையான ஐபி ஸ்குவிடுக்குத் தெரிய, அதை இணைப்பின் தொடக்கத்திலேயே சொல்லிவிடும் ப்ராக்ஸி புரோட்டோகால் வையுங்கள்: ஹெச்ஏப்ராக்ஸியின் சர்வர் வரியில் அதை அனுப்பச் சொல்லி, ஸ்குவிடின் போர்ட் வரியில் அதைக் கட்டாயமாக்கி, ஹெச்ஏப்ராக்ஸியின் ஐபியிலிருந்து மட்டும் ஏற்கச் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் ஓர் ஐபிக்கு இத்தனை இணைப்பு என்று ஸ்குவிடில் எல்லை வைத்தால், வளாகம் முழுவதும் ஒரே ஐபியாகத் தெரிந்து எல்லோருக்கும் கதவு அடைபடும்.

கேஷ், அதாவது ஒருமுறை இறக்கியதைச் சேமித்து வைத்துத் தருவது பற்றிச் சுருக்கமாக. ஹெச்டிடிபிஎஸ்ஸைப் பிரித்துப் பார்த்து கேஷ் செய்யும் வசதி ஸ்குவிடில் உண்டு. ஹாஸ்டலில் அதைச் செய்யவே கூடாது. பிள்ளைகளின் வங்கிக் கடவுச்சொல் நம் சர்வரின் மெமரியில் திறந்து கிடப்பதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை. மிச்சமிருப்பதில் பெரிய லாபம் லேபில் இருக்கிறது: சாதா ஹெச்டிடிபியில் வரும் உபுண்டு, டெபியன் பேக்கேஜ்கள். 60 கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் அப்டேட் கேட்கும். ஸ்குவிட் கேஷ் செய்யும் கோப்பின் உச்ச அளவு முன்னிருப்பாக 4 எம்பிதான், அதனால் பெரிய பேக்கேஜ் எதுவும் தங்காது. 512 எம்பிக்கு ஏற்றி, அந்த வரியை கேஷ் டைரக்டரி வரிக்கு மேலே எழுதுங்கள். ஒரே கோப்பை ஒரே நேரத்தில் பலர் கேட்டால் வெளியே ஒருமுறை மட்டும் போகச் செய்யும் 'கொலாப்ஸ்டு ஃபார்வர்டிங்'கையும் திறந்துவிடுங்கள்.

ஒரு ஸ்குவிடைக் கழற்றுவது

பேட்ச் போட ஒன்றை நிறுத்த வேண்டும். அட்மின் சாக்கெட்டில் அந்த சர்வரை 'ட்ரெய்ன்' நிலைக்கு மாற்றுங்கள். புது இணைப்பு வருவது நிற்கும், பழையது ஓடும். ஐபிவிஎஸ் என்றால் அந்த சர்வரின் வெயிட்டை (அதற்குரிய பங்கின் அளவை) பூஜ்யமாக்க வேண்டும். அங்கே பெர்சிஸ்டன்ஸ் (ஒருவரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்புவது) வைத்திருந்தால் வெயிட் பூஜ்யமானாலும் பழைய ஆட்கள் அதே சர்வருக்கே வந்துகொண்டிருப்பார்கள். 'எக்ஸ்பயர் குவைசென்ட் டெம்ப்ளேட்' என்ற கர்னல் செட்டிங்கை 1 ஆக்கினால்தான் நிற்கும். இது தெரியாமல் மணிக்கணக்கில் எண் குறையக் காத்திருப்பவர்கள் உண்டு.

அடுத்து எஸ்எஸ் கட்டளையால் 3128, 3129 இரண்டு போர்ட்டிலும் நிலைநிற்கும் இணைப்புகளை எண்ணுங்கள். முதலில் மளமளவென இறங்கும், பிறகு ஒரு வால் நீளும்: வெப்சாக்கெட், மெயில், வீடியோ மீட்டிங். சாதா ஹெச்டிடிபி இணைப்புகளுக்கு ஸ்குவிடில் 'பிகான் லைஃப்டைம்' 10 நிமிடம் என்று வைத்திருந்தால், வேலையாக இருக்கும் இணைப்புகூட அந்த வயதைத் தாண்டியதும் கையிலிருக்கும் கோரிக்கையை முடித்துவிட்டு மூடிக்கொள்ளும். புது சர்வர் சேர்க்கும்போதும் சுமை நகர்வதற்கு இதுவே உதவுகிறது. டனல் வாலுக்கு அப்படி ஒரு நாகரிகமான வழி இல்லை. அரைமணி நேரம் காத்திருந்து, பிறகு ஸ்குவிடை ஷட்டவுன் செய்யுங்கள். அது முன்னிருப்பாக 30 விநாடி அவகாசம் கொடுத்துவிட்டு மீதியை வெட்டும். சிஸ்டம்டியின் நிறுத்தும் அவகாசம் அதைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் ஸ்குவிட் கேஷ் அட்டவணையை எழுதி முடிக்கும் முன் கொல்லப்படும், அடுத்த முறை எழும்போது அட்டவணையை மீள்கட்டமைக்கக் கூடுதல் நேரம் எடுக்கும்.

திரும்பச் சேர்க்கும்போது லீஸ்ட்கான் ஆபத்தானது. பூஜ்யம் இணைப்போடு நிற்கும் சர்வருக்கு அடுத்து வரும் அத்தனையும் போய் விழும், அதுவும் கேஷ் இன்னும் சூடாகாத நேரத்தில். சர்வர் வரியில் 'ஸ்லோஸ்டார்ட்' 120 விநாடி என்று கொடுத்தால் படிப்படியாக ஏறும்.

ஸ்குவிட் உயிரோடு இருக்கிறதா என்று ஹெச்ஏப்ராக்ஸி பார்க்கும் ஹெல்த் செக்கில் வெளித் தளம் எதையும் கேட்காதீர்கள். வெளி இணையம் ஒரு நிமிடம் போனால் எல்லா ஸ்குவிடும் ஒரே நேரத்தில் 'டவுன்' ஆகிவிடும், கேஷில் இருப்பதும் கிடைக்காது. ஸ்குவிட் தானே தரும் உள் ஐகான் படம் ஒன்றைக் கேட்டுப் பார்த்தால் போதும்; வெறும் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட இது மேல்.

எல்லாம் செய்தபின் மேனேஜர் பக்கத்தின் 'பிகான்' அறிக்கையைத் திறந்து, ஓர் இணைப்பில் எத்தனை கோரிக்கை போனது என்ற பட்டியலைப் பாருங்கள். ஏறக்குறைய எல்லாமே 1 என்ற வரியில் குவிந்திருந்தால், நடுவில் ஏதோ ஒன்று இணைப்பை ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டிருக்கிறது. அக்சஸ் லாகை மட்டும் நம்பி டனல்களை எடைபோடவும் கூடாது. கனெக்ட் வரி, டனல் முடிந்த பிறகே லாகில் எழுதப்படும். காலை 10 மணிக்குத் தொடங்கிய மூன்று மணி நேர டனல் லாகில் தலைகாட்டுவது மதியம் 1 மணிக்கு, மொத்த பைட்டும் ஒரே வரியில். இந்த நிமிடம் யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிய 'ஆக்டிவ் ரிக்வெஸ்ட்ஸ்' அறிக்கைதான் வழி.